மூணாவது பட்டன்

மார்ச் 4

அன்புள்ள படகுக்காரிக்கு,

நல்லா இருக்கியா? டிரைவர் அண்ணனும் பாப்பாவும் சுகமா? நான் இங்கே நலம், என் காது மட்டும் நலமில்லை. தண்ணீர் வாரியத்துப் புகார் பிரிவுன்னா நாள் முழுக்க யாராவது ஹெட்போனுக்குள்ள கத்திக்கிட்டே இருப்பாங்க. ஒருத்தர் தினமும் பத்தரைக்குக் கூப்பிட்டு, குழாயில காபி வருதுங்கறார். வீட்டுக்கு வந்தா போனைத் தொடவே பிடிக்கலை. அதனாலதான் கடிதம், கோவிச்சுக்காதே.

ஒரு விஷயம் சொல்லணும். போன வாரம் எதிர் மேசைக்குப் புதுசா ஒருத்தி வந்தா. நான் நம்ம நீலச் சட்டையிலதான் இருந்தேன். வழக்கம்போல இடது கை ரெண்டு மடிப்பு, வலது கை ஒரு மடிப்பு. அவ கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துட்டு, "மணி என்ன ஆச்சு, கடிகாரக்காரி?"ன்னு கேட்டா. பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூட லைப்ரரியில அட்டை கிழிஞ்சு கிடந்த நம்ம புத்தகத்தை அவளும் படிச்சிருக்கா. ஏழு தடவையாம். அந்தக் கதையில வர்றவங்க மாதிரி நாம இருபத்திரண்டு வருஷமா உடுத்திக்கிட்டுத் திரியறோம், ஒரு ஈ காக்கா கண்டுபிடிச்சதில்லை. இவ ஒரே பார்வையில சொல்லிட்டா.

இன்னொரு வேடிக்கை கேளு. அவ சட்டையில மூணாவது பட்டன் மட்டும் வேற கலர். அவளும் படகுக்காரிதான்!

இந்த ஊருக்கு மாத்தலாகி வந்த நாலு மாசத்துல நேத்துதான் வாய்விட்டுச் சிரிச்சேன்.

உன்,
கடிகாரக்காரி


மார்ச் 11

அன்புள்ள கடிகாரக்காரிக்கு,

உன் கடிதம் கிடைச்சது. நாங்க எல்லாரும் சௌக்கியம். கடையில வாட்ச்மேன்களுக்கு முப்பது பேண்ட் கால் குறைக்க வந்திருக்கு. ஒவ்வொருத்தரும் "கொஞ்சமா குறைங்க"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. அந்தக் கொஞ்சம் எவ்வளவுன்னு ஒருத்தருக்கும் தெரியலை.

அது இருக்கட்டும். நம்ம விளையாட்டோட சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். யாராவது கண்டுபிடிச்சா தோத்தோம். நீ தோத்துட்டே. தோத்துட்டு, என்னவோ கோப்பை வாங்கின மாதிரி எழுதியிருக்கே.

அப்புறம் அது என்ன, அவளும் படகுக்காரி? ஒரு புத்தகத்துக்கு ஒரு படகுக்காரிதான். பட்டன் ஆத்துல விழுந்ததும், கையில கிடைச்ச ஏதோ ஒரு பட்டனை வெச்சுத் தைச்சுக்கிட்டவ. அந்த மூணாவது பட்டனுக்காக நான் வாங்கின பேச்சு கொஞ்சமா? தையல்கடை வெச்சிருக்கிறவ தன் சட்டைக்கு ஜோடிப் பட்டன் தைக்கத் தெரியாதவன்னு தெருவே சிரிக்குது. எங்க வீட்டு டிரைவர் எங்களுக்குக் கல்யாணமான புதுசுல ஒரு டப்பா நிறையப் பட்டன் வாங்கிட்டு வந்து கொடுத்தார், பாவம். அவர்கிட்டகூட நான் காரணம் சொல்லலை. சட்டம்னா சட்டம்.

ரொம்ப ஆசையா இருந்தா அவளை ஓரகத்தியா இருக்கச் சொல்லு. அந்த இடம் காலியாத்தான் இருக்கு. ஞாபகம் இருக்கா? கடிகாரக்காரிக்கு வந்த கடிதத்தையெல்லாம் மாவு டப்பாவுல ஒளிச்சு வெச்சவ, காலருக்கு அடியில சாம்பல் கலர் ஓரம், குனிஞ்சாத்தான் தெரியும். செத்தாலும் அந்தச் சாம்பல் ஓரம் நம்ம உடம்புல படக்கூடாதுன்னு லைப்ரரி படிக்கட்டுல உட்கார்ந்து சத்தியம் பண்ணினோமே.

எனக்கு ஒண்ணும் பொறாமை இல்லை. சும்மா சொன்னேன்.

உன்,
படகுக்காரி (ஒரே ஒருத்தி)


மார்ச் 19

அன்புள்ள ஒரே ஒருத்திக்கு,

உன் கோபத்தைப் படிச்சு ரயில்ல தனியா சிரிச்சேன். பக்கத்துல இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

எதிர் மேசை நல்லவ. நீ பார்த்தா உனக்கும் பிடிச்சுப்போகும். மதியம் சாப்பிடும்போது புத்தகத்துல இருந்து கேள்வி கேட்கறா. படகுத்துறைப் படிக்கட்டு எத்தனை? கடிகாரக்காரியோட பூனைக்கு எந்தக் காது கிழிஞ்சது? எனக்குப் பாதிக்குப் பதில் தெரியலை. அவளுக்கு எல்லாமே தெரியுது.

ஒரு உதவி. அவளுக்கு ஊசியில நூல் கோக்கக்கூட வராது. அந்த மூணாவது பட்டனைக் கோந்து போட்டு ஒட்டியிருக்காடி! பேசிக்கிட்டே இருக்கும்போது சாப்பாட்டு டப்பாவுல விழுந்துடுச்சு. உன் கையால அவளுக்கு ஒரு சட்டை தைச்சுத் தாயேன். படகுக்காரியோட பழுப்புச் சட்டை, உள்மடிப்புல மஞ்சள் நூல், எல்லாம் உனக்குத் தெரியாததா. அளவுச் சட்டை ஒண்ணு இதோட அனுப்பியிருக்கேன். எனக்காகச் செய்.

உன்,
கடிகாரக்காரி


ஏப்ரல் 2

அன்புள்ள கடிகாரக்காரிக்கு,

நீ கேட்டு நான் முடியாதுன்னு சொன்னது உண்டா? சட்டை தைச்சு இதோட அனுப்பியிருக்கேன். பழுப்புத் துணி, மஞ்சள் நூல், மூணாவது பட்டன் சிவப்பு. கோந்து இல்லை, நாலு ஓட்டை வழியாவும் நல்லா இழுத்துத் தைச்சது. காஜாகூட மெஷின்ல போடலை, கையால போட்டேன். உன் எதிர் மேசைக்கு என்ன குறை?

கழுத்து நல்லா இருக்கான்னு மட்டும் பார்த்து எழுது.

பாப்பா பாவாடையில பாக்கெட் வெச்சுக் கொடுன்னு உயிரை எடுக்கறா. சித்தி எப்ப வருவாங்கன்னும் கேட்கறா.

உன்,
படகுக்காரி


ஏப்ரல் 10

என் தங்கமே,

பிரிச்சதும் நானே ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கிட்டேன், எனக்கு ரெண்டு இஞ்ச் தொளதொளன்னு இருக்கு. அவளுக்குக் கச்சிதம். ஆபீஸே திரும்பிப் பார்த்துச்சு. கழுத்தைப் பத்திக் கேட்டிருந்தியே, பிரமாதம். அதுவும் காலருக்கு அடியில அந்தச் சாம்பல் ஓரம் ரொம்ப எடுப்பா இருக்கு. இதெல்லாம் உனக்கு எங்கிருந்துதான் தோணுதோ!

அவ ஒண்ணும் பேசலை. காலரைத் தடவிக்கிட்டே இருந்தா. சந்தோஷத்துல பேச்சு வரலை போல.

காபிக் குழாய்க்காரர் மூணு நாளா கூப்பிடலை. தண்ணி சரியாயிடுச்சா, அவருக்குத்தான் ஏதாவது ஆயிடுச்சான்னு கவலையா இருக்கு.

உன்,
கடிகாரக்காரி


ஏப்ரல் 17

கடிகாரக்காரிக்கு,

சாம்பல் ஓரம் எடுப்பா இருக்குன்னு எழுதியிருக்கே. எழுதினது உன் கைதானா?

போன மாசம்தான் எழுதினேன், அது யாரோட ஓரம்னு. அதைக்கூட நீ ஒழுங்காப் படிக்கலை. உன் எதிர் மேசையை ஓரகத்தின்னு ஊசியால திட்டி அனுப்பினேன். நீ பிரிச்சுப் பார்த்ததும் பதறுவே, என்னை நாலு வார்த்தை கேட்பே, அதுக்கு நான் நாலு வார்த்தை சொல்லுவேன்னு ராத்திரியெல்லாம் மனசுக்குள்ள ஒத்திகை பார்த்து வெச்சிருந்தேன். நீ அழகா இருக்குங்கறே.

பொறாமை இல்லைன்னு எழுதினேனே, பொய். வயிறு எரியுது. அவளோட நீ சாப்பிடறதை நினைச்சா எனக்குச் சோறு இறங்கலை. அளவுச் சட்டைன்னு ஒண்ணு அனுப்பினியே, அதுல உன் ஆபீஸ் சோப்பு வாசனை வந்தது. அதுக்கும் எரிஞ்சுது. உனக்கு அங்கே பேச ஆள் கிடைச்சதுக்குச் சந்தோஷப்படணும்னு எனக்கும் தெரியும். வரலையே, நான் என்ன செய்ய? உனக்காவது எதிர் மேசை இருக்கு. எனக்கு எதிர்ல இருக்கறது முப்பது வாட்ச்மேன் பேண்ட்.

நேத்து மூணாவது பட்டனைப் பிரிச்சு எடுத்துட்டேன். மத்த நாலோட சேர்ந்த பட்டனையே வெச்சுத் தைச்சுட்டேன். டிரைவர் பார்த்துட்டு, "அப்பாடா, கிடைச்சிடுச்சா?"ன்னு கேட்டார். கிடைச்சிடுச்சுன்னேன்.

இனிமே உனக்கு என்ன தைக்கணும்னாலும் கடை நேரத்துல எழுது.

இப்படிக்கு,
தையல்கடைக்காரி


மே 6

அன்புள்ள படகுக்காரிக்கு,

இதைத் தவிர வேற பேர் சொல்லி உன்னைக் கூப்பிட எனக்குத் தெரியாது. நீ எந்தப் பட்டனை வேணும்னாலும் தைச்சுக்கோ.

உன் கடிதத்தைப் படிச்சிட்டு ரெண்டு நாள் லீவு போட்டேன். எதிர் மேசைகிட்ட புத்தகத்தை இரவல் வாங்கி முதல்ல இருந்து படிச்சேன். உண்மையைச் சொல்லிடறேன். நான் கதையை மறந்துட்டேன். எப்பவோ மறந்துட்டேன். தினமும் கையை மடிச்சு விட்டுக்கிட்டேனே தவிர, எதுக்குன்னு கேட்டா நீ இருக்கேங்கறதைத் தவிர எனக்குக் காரணம் தெரியாது. சாம்பல் ஓரம் வந்த பக்கத்துல எனக்கு அழுகை வந்துடுச்சு.

அப்புறம் அவகிட்டப் போய் மன்னிப்புக் கேட்டேன். சட்டை வந்த அன்னிக்கே அவளுக்குத் தெரியும்டி. காலரைத் திருப்பினதுமே தெரிஞ்சுடுச்சாம். பின்னே ஏன் வாரா வாரம் போட்டுக்கிட்டு வர்றேன்னு கேட்டேன். "இவ்வளவு கோபத்தை யாரும் எனக்காகக் கையால தைச்சதில்லை"ன்னா. இப்படி உரிமையாச் சண்டை போட உனக்கு ஒருத்தி இருக்காளேன்னு அவளுக்குத்தான் நம்ம மேல பொறாமையாம்.

இதுக்கு மேலதான் எழுதக் கை வரலை. அவ உன் முகவரி கேட்டா. உனக்கு நேரடியா எழுதணுமாம். புத்தகத்தை உன் அளவுக்குப் படிச்சவ வேற யாரும் கிடையாது, ரெண்டு பேரும் நிறையப் பேசலாம்னு சொன்னா. உடனே எனக்குப் பகீர்னுச்சு. நீயும் அவளும் படிக்கட்டு எத்தனை, பூனைக்கு எந்தக் காதுன்னு மாத்தி மாத்தி எழுதிக்குவீங்க. நான் நடுவுல தபால்பெட்டி மாதிரி நிக்கணும்.

தெரு பேர் ஞாபகம் இருக்கு, கதவு நம்பர் மறந்துபோச்சுன்னு சொல்லிட்டேன். ரெண்டு மாசமா கவர் மேல நானே எழுதற நம்பர். அவ நம்பலை. மறுநாள் உனக்குன்னு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நீயே சேர்த்து அனுப்பிடுன்னா. அது என் மேசை டிராயர்லதான் இருக்கு. பத்து நாளா இருக்கு. இதோட அனுப்பலாம்னு எடுத்தேன், திரும்ப வெச்சுட்டேன்.

மாவு டப்பா ஒண்ணுதான் இல்லை.

எனக்கும் ஒரு சட்டை தைச்சு அனுப்பு, சாம்பல் ஓரம் வெச்சு. என் அளவு உனக்குத் தெரியும்.

உன்,
ஓரகத்தி


மே 13

அடி என் ஓரகத்தி,

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். மூணாவது தடவை டிரைவர் சாப்பாடு கேட்டுக் கதவுல நின்னார், இன்னிக்கு நீங்களே போட்டுக்கோங்கன்னுட்டேன்.

எனக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா? இவ்வளவு நாள் எனக்கு மட்டும்தான் எரியுதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

புத்தகத்தை நீ மறந்தது வருத்தம்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா எதுக்குன்னே தெரியாம இருபத்திரண்டு வருஷம் ஒருத்தி கையை மடிச்சு விட்டிருக்கா. புத்தகத்துலகூட யாரும் யாருக்கும் அப்படிச் செய்யலை.

சட்டை இதோட வருது. இடது தோள் அரை இஞ்ச் இறக்கம், உனக்கு எப்பவும் வைக்கிற மாதிரியே. காலருக்கு அடியில சாம்பல் ஓரம். வாங்கின துணியில மிச்சம் இருந்தது, என் பழுப்புச் சட்டைக்கும் ஒண்ணு வெச்சுத் தைச்சுக்கிட்டேன். மூணாவது பட்டன் பழையபடி அது இடத்துக்கு வந்துடுச்சு. டிரைவர் தலையில அடிச்சுக்கிட்டார்.

எதிர் மேசைகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. படிக்கட்டு பதினேழு, பூனைக்கு வலது காதுன்னும் சொல்லு. அவ நல்லவதான் போல. அவ கடிதத்தை என்னிக்காவது படிக்கறேன்.

இப்போதைக்கு அது உன் டிராயர்லயே இருக்கட்டும். பூட்டு இருந்தா பூட்டி வை.

உன்,
இன்னொரு ஓரகத்தி