சட்டம் கேட்கச் சொல்லாத கேள்வி

ட்ரெவாலன்
16 அக்டோபர் 1911

அன்புள்ள நெஸ்ட்டாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். டொரொண்டோவின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் தினப்படிப் பிரார்த்தனை. தம்பிக்குத் தட்டம்மை இறங்கிவிட்டது. அப்பாவை அரசாங்க வழக்கறிஞராக நியமித்த செய்தி அங்கும் வந்திருக்கும், ஆனால் அரசாங்கப் பதவி ஏற்ற எம்.பி. தன் தொகுதியில் மறுபடி நின்று ஜெயிக்க வேண்டும் என்பது சட்டமாயிற்றே, வியாழக்கிழமை வாக்குப்பதிவு, நான் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். சுரங்கத் தெருவுக்கு மட்டும் வேண்டாம் என்று நம் தேர்தல் ஏஜெண்ட் பெய்னன் தடுத்தார். பிப்ரவரியில் சுரங்கம் வெடித்துப் பதினேழு பேர் இறந்ததைப் பற்றிய விசாரணையில் அப்பா முதலாளிக்காக வாதாடினார் அல்லவா, அதனால். நான் போனேன். இறந்தவர்களில் ஒருவனான ஐவர் ப்ராசரின் மனைவி ஹன்னா கதவைப் பாதி திறந்து, "ஏம்மா, எங்கிட்ட ஓட்டு கேக்க வந்தியா? எனக்கு ஓட்டே இல்லியே. ஆனா இந்தத் தெரு ஆம்பளைங்க ஓட்டு எங்க போகும்னு எனக்குத் தெரியும்" என்றாள். வெடிவாயு உள்ள சுரங்கத்துக்குள் ஐவர் ப்ராசர் பையில் தீப்பெட்டி வைத்திருந்தானா என்று அப்பா அவளைக் கேட்ட ஒரு கேள்வியைப் பத்திரிகைகள் தீர்ப்பாகவே எழுதிவிட்டன, அவள் மகளைப் பள்ளியில் 'தீப்பெட்டி' என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். வரிசையில் முதலில் நிற்கும் வண்டிக்காரன் வந்த ஆளை ஏற்றிக்கொள்வதுபோல வக்கீலும் வந்த வழக்கை மறுக்கக் கூடாது, அது எங்கள் விதி என்றார். வழக்கை எடுத்தது விதி, சரி, சான்றே இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னது எந்த விதி என்றேன். விசாரணையின்போதே நான் இதைக் கேட்டிருக்க வேண்டும், பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன், இந்தத் தவறில் அது என் பங்கு.

சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் நடந்த தேர்தல் கூட்டத்தில் அப்பா எழுந்து, ஆதாரம் எதுவும் இல்லாமல்தான் கேட்டேன், தவறு என்றார். யாரும் கைதட்டவில்லை. ஹன்னா, "வக்கீல் வாய்ப்பேச்சு காத்தோட போயிரும், எழுதிக் குடுங்க" என்றாள். "ஐயா, கையெழுத்துப் போட்டீங்கன்னா நம்ம கதை முடிஞ்சுது" என்று பெய்னன் அவர் காதில் சொன்னது எனக்கே கேட்டது. அப்பா எழுதிக் கையெழுத்திட்டார். ஹன்னா அதைப் பள்ளிக்கூடக் கதவில் ஒட்டினாள், எதிர்க்கட்சியார் இன்று காலை அதையே நோட்டீஸாக அச்சடித்து ஊரெங்கும் ஒட்டிவிட்டார்கள். ஜெயிப்போமா தெரியாது. எவ்வளவு மழை பெய்தாலும் வியாழக்கிழமை நான் சுரங்கத் தெருவில்தான் நிற்பேன்.

கம்பளி உள்சட்டையைக் கழற்றாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் கண்மணிபோல் காக்கட்டும். இந்தக் கடிதம் வந்து சேருமுன்பே தந்தியில் முடிவு அங்கே தெரிந்துவிடும். தோற்றிருந்தால் அப்பாவுக்கு ஆறுதல் சொல்லி எழுதாதே. எதிர்க்கட்சியாரின் நோட்டீஸ் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், அதைப் படித்துவிட்டு வாழ்த்து எழுது.

உன் பிரியமுள்ள அம்மா,
எலுனெட்