நான் போட்ட ஓம்

அக்கா,

இன்று காலை தபாலில் வாக்கு உறை வந்தது. பிரித்ததும் புதுக் காகித வாசனை. வெளிநாட்டவர் வருவதைக் குறைக்கலாமா, ஓமா இல்லையா என்று திரும்பவும் ஒரு கேள்வி. 'இல்லை' என்று எழுதி, கையெழுத்தும் வைத்து, கையோடு மஞ்சள் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். தேத்தண்ணி போடும்போது உங்களோடு கதைக்கவேண்டும் போலிருந்தது.

இத்தாலிக்காரியான உங்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பேர்ண் ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஏறக்குறைய இருபது வருடம் நாம் பேசிய உடைந்த ஜெர்மனை எழுத யாராலும் முடியாது. அதனால் உங்களையும் தமிழிலேயே பேசவைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே வேலைசெய்த தமிழர் நாங்கள் "அக்கா" என்று கூப்பிட, மேலாளர் அதுதான் உங்கள் பெயரென்று வேலைப் பட்டியலில் எழுதிவிட்டாரே! நீங்களும் திருத்தவில்லை.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் ஊத்தைப் பக்கம் நான், சுத்தப் பக்கம் நீங்கள். இடைவேளையில்தான் உங்கள் மகனின் கதையைச் சொன்னீர்கள். பருவ வேலைக்கு வந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாது என்றது சட்டம். நீங்கள் கூட்டிவந்தீர்கள். யன்னலுக்குக் கிட்டப் போகாமல், தும்மினால் தலையணைக்குள் தும்மி, ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றரை வருடம் ஓர் அறைக்குள் இருந்தது. அந்த நாட்களில்தான் உங்களைப் போன்றவர்களில் பெரும்பகுதியை அனுப்பிவிடலாமா என்று நாடு வாக்களித்தது, அதுவும் ஆண்கள் மட்டும், பெண்களுக்கு அப்போது வாக்கில்லை. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஓம் என்றார்கள்.

மகன் பிறகு சரித்திர ஆசிரியரானார். அவர் விளக்கியதை நீங்கள் எனக்குச் சொன்னீர்கள்: "ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்ச பிறகு இனம், இரத்தம் எண்டு கதைக்க ஆக்களுக்கு வெக்கமாப் போச்சு. அதுக்காக விட்டுடேல்லை. வெளியாக்கள் கூடிப்போச்சினம், எங்கட பண்பாடு கெடுது எண்டு மாத்திச் சொல்லத் தொடங்கிச்சினம். பழைய பயம்தான், உடுப்புத்தான் புதுசு."

இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டியவள்தான் நான். இந்த நாட்டின் சிவப்புப் பாஸ்போர்ட் கிடைத்து, என் முதல் வாக்கு வந்தது. அகதிச் சட்டத்தை இறுக்குவது பற்றியது. அடுத்த நாள் பெருமையோடு உங்களிடம் சொன்னேன்: "நான் ஓம் போட்டிட்டன் அக்கா. நாங்கள் கஷ்டப்பட்டு வந்தனாங்கள். இப்ப வாறவை எங்களை மாதிரி இல்லை."

நீங்கள் தட்டுகளை வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். சிரிப்பு நின்றபோது முகம் வேறாக இருந்தது.

"என்ர பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பாத்துச் சொன்னதும் இதுதான். நீங்கள் வந்த நேரம் நான் சொன்னதும் இதுதான். எங்கட தெருவில தமிழ் அகதியளுக்கு விடுதி வேண்டாம் எண்டு ஒரு மனு வந்தது. நானும் கையெழுத்து வைச்சனான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த விடுதியில்தான் நான் முதல் குளிர்காலத்தைக் கழித்தேன். இரண்டு கிழமை உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த இயந்திரத்தில் கோபித்துக்கொண்டு நிற்பது லேசல்ல. நான் தட்டை அனுப்பினால்தான் உங்களுக்கு வேலை. கடைசியில் ஒரு கரண்டியில் சோறு ஒட்டியிருக்க, அதை எனக்குத் திருப்பி அனுப்பி, "கோபத்தை என்னில காட்டு, கரண்டியில காட்டாதை" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னுடைய ஓமைத்தான் திருப்பி எடுக்க முடியவில்லை, சட்டமும் நிறைவேறியது.

நீங்கள் ஓய்வுபெற்றுப் போனபின், இப்போது சுத்தப் பக்கத்தில் நான் நிற்கிறேன். ஊத்தைப் பக்கத்தில் எரித்திரியாப் பெண் ஒருத்தி. கெட்டிக்காரி, வாயாடி. ஐந்து வருடமாகப் புருஷனை இங்கே கூப்பிட அனுமதி கிடைக்காமல் அலுவலகத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதுகிறாள். நேற்று வேலைக்குப் போகும்போது, டிராம் தரிப்பில் இருந்த இந்த வாக்கெடுப்புச் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எங்கட நிலைமை விளங்கும், நீங்களும் அகதியா வந்தனீங்கள்தானே" என்றாள்.

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். என்னால் முடியவில்லை, அக்கா. உங்களால் வந்த வினை.

"நான் ஒருக்கா உங்களுக்கு எதிரா ஓம் போட்டனான்" என்றேன்.

அவள் டிராமில் ஏறித் தள்ளிப்போய் உட்கார்ந்தாள். வேலை முடியும்வரை தட்டுகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. பயமாகத்தான் இருந்தது, ஆனால் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். நாளைக் காலை ஆறு மணிக்கு எங்கள் இருவருக்கும் வேலை. அவள் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும், நான் அங்கே நிற்பேன்.