அண்ணன் இரண்டு தடவை வந்தானாம்

என்னங்க,

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள்.

இன்று சமரச மையத்தில், அப்பா வீட்டு வழக்கில் என்னதான் வேண்டும் என்று மத்தியஸ்தம் செய்த வக்கீலம்மா அண்ணனைக் கேட்டார்கள்.

"வீட்டை அவளே வச்சுக்கட்டும். பேசித் தீர்க்கலாம்னு ரெண்டு தடவை அவ வீட்டுக்குப் போனேன், மாப்பிள்ளை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாரு" என்றான்.

அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று உங்களிடம்தானே அழுதேன்? நீங்களும் தலையாட்டினீர்களே.

எனக்கு மட்டும் வேண்டாம் என்றேன்; வீடு இருவருக்கும் பொது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். இனி கோர்ட் கிடையாது. அண்ணியைப் பார்க்கப் போகிறேன்.

பி.கு: பிரஷர் மாத்திரை மேசை மேல்.

இன்னொன்று: திரும்பும்போது அண்ணனும் வருவான். அவன் முன்னால் உங்களை ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். அவன் போனதும் கேட்பேன். தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்ளாதீர்கள்.