சுவர்ப் பக்கத்து இடம்

நவம்பர் 4, செவ்வாய்

சொல்ல வெட்கம்தான். போன வாரம் முழுக்கப் பிள்ளைகளைப் பார்க்காமலே பார்த்ததாக எழுதிவிட்டேன். சூப்பர்வைசர் கொடுத்த நோட்டு. "விளையாடுறப்ப குறுக்க போகாம, இன்னா பண்றாங்கன்னு எழுதுங்க. அதப் பாத்துத்தான் பாடத்த மாத்தணும்" என்றார். நான் அங்கன்வாடி ஆயா, ஐந்தாவது ஃபெயில். தானியேல் பந்தை உதைத்தான் என்று எழுதினேன். அவன் அன்றைக்கு வரவேயில்லை.

சந்திரகலா டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா விக்டோரியாக்கா, ஆளே இல்லாம பந்து போச்சா?"

"உங்க பாட்டுகூட ஆளே கேக்காமத்தான் போவுது டீச்சர்."

நாளையிலிருந்து நிஜமாகவே பார்க்க வேண்டும்.

நவம்பர் 5

பந்து உருட்ட வட்டமாக உட்காரச் சொன்னால், சுவர்ப் பக்கம் ஓர் இடத்தை விட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள். பந்து அங்கே வந்ததும் ஏஞ்சல் அதைச் சுவரில் மெல்ல முட்டுகிறாள். பன்னிரண்டு பேரும் அசையாமல் இருக்கிறார்கள். பிறகு ஒரே நேரத்தில் சிரிக்கிறார்கள்.

எதற்கு?

நவம்பர் 6

வம்புக்கென்றே அந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. தமிழ்செல்வி என் கையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரி ஆயா. அது கிறிஸ்டினா இடம்."

வருகைப் பதிவில் அப்படி ஒரு பெயரே இல்லை. டீச்சர் இரண்டு தரம் புரட்டினார்.

நவம்பர் 7

சுண்டலில் ஒன்றை எடுத்துச் சுவரோரம் வைக்கிறார்கள். எறும்பு இழுத்துப்போகிறது. சுவருக்கு அந்தப் பக்கம், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டின் முதல் ரூம். எப்போது பார்த்தாலும் பூட்டு. காலியாத்தான கீது? அப்பொறம் யாருக்கு வைக்குதுங்க? இன்னைக்கு சாம்பாருக்கு உப்பு போட மறந்துட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

பதினோரு மணிக்குக் கரண்ட் போய், எதிரே நாளெல்லாம் இரையும் இரும்பு ரோலிங் மில் நின்றது. இந்த ரூமில் இப்படி ஓர் அமைதி எனக்குப் புதுசு. ஏஞ்சல் சுவரில் மூன்று தட்டு தட்டினாள்.

உள்ளேயிருந்து மூன்று தட்டு வந்தது.

"உனுக்கு இப்பத்தான் கேக்குதா ஆயா?" என்றாள் ஏஞ்சல். "நாங்க முதுக வச்சிக்கினு கேப்போம். பேரக்கூட அதுவேதான் சொல்லுச்சு."

வெளியே ஓடி ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பெண் குழந்தை. மூன்று வயதிருக்கும். அழவில்லை. வாயில் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது.

சாயங்காலம் அதன் அம்மா வந்துதான் பூட்டைத் திறந்தாள். குடிவந்து மூன்று வாரம். "எனுக்கும் அவருக்கும் அஞ்சரைக்கே கம்பெனி வேனு. உங்க சென்டரு பத்துக்குத்தானக்கா தொறக்குது. நான் இன்னா பண்றது?"

திட்டத்தான் வாயெடுத்தேன். "அஞ்சேகாலுக்கு என் ஊட்ல வுட்டுட்டுப் போ" என்றேன்.

நவம்பர் 11

கிறிஸ்டினா நேராகப் போய் அவள் இடத்தில் உட்கார்ந்தாள். பேசவில்லை. டீச்சர் இப்போது பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, பிள்ளைகள் தரையில் தட்டும்வரை காத்திருக்கிறார். முதல்முறையாக எல்லோரும் பாடினார்கள். நோட்டில் எழுதினேன். பார்த்துத்தான் எழுதினேன்.

நவம்பர் 12

மில்லில் ரிப்பேர். சத்தம் இல்லை. கிறிஸ்டினா என் பக்கத்தில்தான் இருந்தாள். பூட்டிய அவள் வீட்டுக்கும் அப்பாலிருந்து, மெலிசாக, மூன்று தட்டு.

பிள்ளைகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிறிஸ்டினா இங்கே வந்து முதல்முதலாக வாய் திறந்தாள்.

"அது ஜோசப்பு. அடுத்த ஊடு. அதுக்கடுத்த ஊட்லயும் ஒரு பாப்பா கீது."

லைன் வீட்டில் பதினாறு ரூம். பகலில் அத்தனையிலும் பூட்டு.

கையிலிருந்த அவித்த முட்டைத் தட்டோடு லைன் வீட்டுப் பக்கம் ஓடினேன். வாசற்படி தடுக்கியது. பதின்மூன்று முட்டையும் சாக்கடையில். மதியம் வெறும் சாதம்.