முழுக்கை ஜாக்கெட்

ஏங்க,

ஆறு மணி பஸ்ஸுல அரியலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் கொழம்பச் சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

நேத்து கோவத்துல பேசிட்டேன். உங்க தங்கச்சி கல்யாணத்துல தழும்பு தெரியக்கூடாதுன்னு முழுக்கை ஜாக்கெட் தைக்கச் சொல்லி வாங்கிட்டு வந்தீங்க. நல்லதுக்குத்தான், தெரியும். ஆனா ஆறு வயசுல தீப்பட்ட முதுகுலயும் இடது கையிலயும் எனக்கு இன்னிக்கும் வேர்வை வராது. வலது கைதான் அதுக்கும் சேத்து வேர்க்குது. அதையும் மூடிட்டா ஒடம்புச் சூடு எப்படிங்க எறங்கும்? போன சித்திரையில முந்திரிக் கொல்லையில மயங்கி விழுந்தது இதனாலதான்னு டாக்டரம்மா சொன்னாங்க.

சின்ன வயசுல தீப்பட்டவங்க பிரஷர், சுகரெல்லாம் முன்கூட்டியே பாத்துக்கணுமாம். இன்னிக்கு அதுக்குத்தான் போறேன். பாத்துக்கிட்டா பேரன் பேத்தி எடுக்கலாம்மான்னு சிரிச்சாங்க.

அந்த ஜாக்கெட்டத்தான் போட்டுட்டுப் போறேன், கைய வெட்டிட்டு. கல்யாணத்துக்கும் இப்படித்தான் வருவேன். நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்.

மணிமொழி

மறந்துட்டேன்: வெட்டுன ஜாக்கெட் கை ரெண்டையும் மடிச்சுத் தச்சு அடுப்புகிட்ட வெச்சிருக்கேன். கொழம்புச் சட்டிய அதால புடிச்சு எறக்குங்க. வெறுங்கையால தொட்டுச் சுட்டுக்காதீங்க.