லீவுப் பாட்டில் நான் வெட்டிய பாட்டு

முருகன் துணை

திருப்பூர்,
தைப்பூசம் முடிந்த நாலாம் நாள்

அன்பு மகள் ஜெயபாரதிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் கிளாஸ்கோ குளிரில் சளி இருமல் எதுவும் உன்னை அண்டாமல் சிவன்மலையான் பார்த்துக்கொள்ள வேண்டும். சிவன்மலைத் தேருக்குப் போய் வந்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, படி ஏற வேண்டாம், வண்டியிலேயே மேலே போய்விடலாம் என்றால் கேட்கிறாளா, பாதி மலை ஏறிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு என்னமோ நான் ஏறச் சொன்ன மாதிரி என்னை முறைத்தாள். குன்னத்தூர்ப் பெரியம்மா பேத்தி மோனிஷாவுக்கு மாசியில் வளைகாப்பு, உன்னை விசாரித்தார்கள். நம் தெருவில் மறுபடியும் குழி தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வண்டியை முக்கில் நிறுத்திவிட்டு நடந்துதான் வீட்டுக்கு வருகிறேன். தினம் போனில் பேசுகிற மனுஷன் எதற்கு இதையெல்லாம் தாளில் எழுதுகிறார் என்று நினைப்பாய். சொல்ல வந்ததைச் சொல்லப் பயமாக இருக்கிறது கண்ணு, அதனால்தான் சிவன்மலை, குன்னத்தூர் என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன். போனில் மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள நீங்க சொல்லலைன்னா நானே சொல்லிப்போடுவேனுங்க என்று அம்மா கெடு வைத்துவிட்டாள். இதை எழுதி முடித்ததும் அவளே போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள், தாள் பின்னால் தபாலில் வரும்.

லீவுப் பாட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதையையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள், முதலிலிருந்து சொன்னால்தான் நான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்கே உறைக்கிறது. பனியன் கம்பெனியில் ஸ்பீக்கரில் என்ன பாட்டு ஓட வேண்டும் என்று முடிவு செய்வது இத்தனை வருஷமாக லைன் சூப்பர்வைசரான நான்தான். காலையில் சாமி பாட்டு இரண்டு, அதற்குப் பிறகு குத்துப் பாட்டு, மதியச் சாப்பாடு முடிந்து கண் சொக்குகிற நேரத்தில் அதைவிட வேகமான குத்துப் பாட்டு. மெதுவான பாட்டு ஒன்று தப்பித்தவறி ஓடிவிட்டால் கை தளர்ந்துவிடும், பீஸ் குறைந்துவிடும், மேலே பதில் சொல்ல வேண்டியவன் நான். ஓவர்லாக் மிஷினில் இருக்கிற பொன்னாத்தாள்தான் ஒரு நாள், ஏனுங்கண்ணா, எங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இல்லீன்னே முடிவு பண்ணிட்டீங்களா, வருசத்துக்கு ஒருக்காவாவது நிதானமா ஒரு பாட்டுக் கேக்கப்படாதுங்களா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பத்தான் நீயும் நானும் உட்கார்ந்து முதல் கேசட் போட்டோம். நீ அப்போது இரண்டாம் வகுப்பு, டேப் ரெக்கார்டரின் சிவப்புப் பொத்தானை அமுக்குவது உன் வேலை. ஊரே வெடித்துக்கொண்டிருக்கிற பண்டிகைக்கு நாம் மட்டும் மெதுவான பாட்டாக, ஒருவரும் கேட்டிராத பாட்டாகத் தேடித் தேடிச் சேர்த்தோம். கல்யாண வீட்டில் எல்லோரும் பந்திக்குப் போன பிறகு நாதஸ்வரக்காரர் தனக்கென்று வாசித்தது, அயர்ன் போடுகிற இசக்கிமுத்து வாயாலேயே ஊதின மகுடி, பிற்பாடு பீகார்க்காரர்கள் வந்த காலத்தில் ஆற்றில் நின்று சூரியனைக் கும்பிடுகிற அவர்களுடைய சட் பூஜைப் பாட்டு. முதல் வருஷம் இதென்ன தீவாளிக்கு இழவுப் பாட்டு என்று கேலி செய்தார்கள். இரண்டாம் வருஷம் அவர்களே கேட்டு வாங்கினார்கள். ஊருக்குப் போகும்போது மதுரை தாண்டுத வரைக்கும் அதான் அண்ணாச்சி ஓடுச்சு என்று இசக்கிமுத்து சொன்ன அன்றைக்கு நீ என்ன குதி குதித்தாய். கேசட் போய் சிடி வந்தது, மெமரி கார்டு வந்தது, இப்போது ஒரே நீளமான ஃபைலாக கம்பெனி குரூப்பில் போடுகிறோம். இருபத்தாறு தீபாவளி ஆகிவிட்டது.

அதில் நமக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. முதல் கேசட்டில் பாட்டெல்லாம் முடிந்து நாடா கொஞ்சம் மிச்சம் இருந்தது. சரிபார்க்க ஓடவிட்டேன். கடைசியில் உன் குரல். அப்பா, கடைசி வரைக்கும் கேட்டீங்களா, எனக்கு சைக்கிள் வேணுமுங்க என்று ரகசியம் பேசுகிற மாதிரி பேசியிருந்தாய். நான் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, மறு வாரம் சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன். மற்றவர்களுக்குக் காப்பி போடும்போது அந்தத் துண்டை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அதுவே நம் வழக்கமாகிவிட்டது. முகத்துக்கு நேராகக் கேட்க முடியாததையெல்லாம் நீ லீவுப் பாட்டின் கடைசியில்தான் கேட்டாய். டெக்ஸ்டைல் படிக்க மாட்டேனுங்க, கணக்குத்தான் படிப்பேனுங்க என்றது அங்கேதான். தரணியைப் பொண்ணு பார்க்க வரச் சொல்லுங்க என்று சம்மதம் சொன்னதும் அங்கேதான். கல்யாணமான பிறகு ஆறு வருஷம் கடைசியில் ஒன்றும் இருக்கவில்லை. அதனால்தான் இந்தத் தடவை நான் முழுதாகக் கேட்காமல் விட்டேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது பொய். வெட்கப்பட்டுத்தான் விட்டேன்.

வழக்கமாக நீ எங்கிருந்தாவது ஒரு பாட்டைத் தேடி அனுப்புவாய், அதைக் கடைசியாகச் சேர்ப்பேன். இந்தத் தீபாவளிக்கு நீயே பாடி அனுப்பியிருந்தாய். கம்பெனி ஆபீஸ் ரூமில் தனியாக உட்கார்ந்து கேட்டேன். கும்மிப் பாட்டை அவ்வளவு மெதுவாகப் பாடி நான் கேட்டதே இல்லை, கைதட்டு இல்லை, கூடப் பாட ஆள் இல்லை, எங்கேயோ ஹீட்டர் ஓடுகிற சத்தம் மட்டும். ஒரு நிமிஷம் போயிருக்கும், ஒரு வரியின் நடுவில் உனக்குக் குரல் உடைந்தது. அதோடு நிறுத்திவிட்டேன். தரணியை விட்டுத் தனி வீடு பார்த்துப் போய்விட்டதாக ஆடியில் அம்மாவிடம் சொன்னாயே, அன்றிலிருந்து கம்பெனியில் கேட்கிறவர்களிடம் எல்லாம் மகளும் மாப்பிள்ளையும் அமோகமாக இருக்கிறார்கள், வேலைதான் ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தரணி வீடு கம்பெனி முதலாளியம்மாவுக்கு உடுமலைப்பேட்டை வழியில் சொந்தம், அவர்கள் பார்த்துச் சொன்ன சம்பந்தம். லீவுப் பாட்டு அவர்கள் வீட்டுக்கும் போகும். இந்தக் குரலைக் கேட்டால் சின்னக் குழந்தைக்குக்கூட விஷயம் தெரிந்துவிடுமே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. உன்னுடையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வீணையைப் போட்டு அனுப்பிவிட்டேன். மகள் அழுதுகொண்டு பாடினதைக் கேட்ட தகப்பனுக்கு மகளுக்கு என்ன ஆச்சோ என்று தோன்றவில்லை, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்றுதான் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து நீ போன் போட்டாய். பாட்டுச் சேர்த்தீங்களாப்பா என்றாய். சேர்த்தாச்சு கண்ணு, எல்லாரும் ஆகா ஓகோங்கறாங்க என்றேன். அதோடு விட்டேனா, பொன்னாத்தாள் கண் கலங்கிவிட்டாள் என்று வேறு அளந்தேன். கடைசி வரைக்கும் கேட்டீங்களாப்பா என்று மெதுவாகக் கேட்டாய். ஓ, ரெண்டு தரம் கேட்டேன் என்றேன். சரிங்கப்பா என்றாய். அந்தச் சரிங்கப்பா இப்போது எந்நேரமும் காதில் விழுகிறது. மார்கழியில் அம்மா பொங்கலுக்கு வருகிறாயா என்று கேட்டபோது டிக்கெட் கெடைக்கலீங்கம்மா என்றாயே, நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்பாடா என்று இருந்தது எனக்கு. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், இனிமேல் உன்னிடம் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை.

அம்மா உன் பாட்டைக் கேட்க வேண்டும் என்று தீபாவளியிலிருந்தே நச்சரித்துக்கொண்டிருந்தாள். ஃபைல் திறக்கவில்லை என்று சொல்லியே ஓட்டினேன். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நான் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தபோது, தட்டைக்காய் உரித்துக்கொண்டே என் போனை எடுத்து அவளாகவே திறந்துவிட்டாள். திரும்பி வந்தால் முறத்தில் காய் பாதி உரித்தபடி கிடக்கிறது, அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. போனை என் பக்கம் தள்ளி, கடைசி வரைக்கும் கேளுங்க என்று மட்டும் சொன்னாள். கேட்டேன். பாட்டு முடிந்து அரை நிமிஷம் ஒன்றும் இல்லை, அதற்குப் பிறகு நீ பேசுகிறாய். அப்பா, இதுவரைக்கும் கேட்டிருந்தீங்கன்னா ஒண்ணு சொல்லோணுங்க, நானும் தரணியும் பிரிஞ்சுக்கறதுக்குக் கையெழுத்துப் போட்டாச்சுங்க, பொங்கலுக்கு ஊட்டுக்கு வரலாமுங்களா, தனியாத்தான் வருவேன், வேண்டாம்னா நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்கப்பா, நானே புரிஞ்சுக்குவேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தரம் கேட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். நீ வீட்டுக்கு வரலாமா என்று கேட்டதற்கு இந்த வாயில்லாப் பூச்சி சொன்ன பதில் அதுதான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று மாசம் நீ அதை வைத்துக்கொண்டு எப்படி என்னோடு தினமும் மழையைப் பற்றிப் பேசினாய் சாமி. ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லையே. கேட்டு முடித்ததும் நான் எழுந்து போய்க் குளித்தேன், முடி வெட்டியதற்காக இல்லை, அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் போனேன்.

செவ்வாய்க்கிழமை கம்பெனியில் மதியம் மூன்று மணிக்கு உன் பாட்டைப் போட்டேன். நீ பேசினதை எடுத்துவிட்டேன், அது நமக்கு மட்டும். வேலை நாளில் மெதுவான பாட்டு ஓடுவது இதுதான் முதல் தடவை. என்னமோ பெரிய பரிகாரம் செய்கிற நினைப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். மிஷின் சத்தத்தில் ஒருவருக்கும் ஒரு வரி கேட்கவில்லை. ஸ்பீக்கர் செத்துப்போச்சுங்களாண்ணா என்று பொன்னாத்தாள் கத்தினாள். நிறுத்திவிட்டு, நாலு மணி டீக்கு மிஷின் நின்ற பிறகு மறுபடியும் போட்டேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் இது யாரு அண்ணாச்சி பாடுதது என்று இசக்கிமுத்து கேட்டான். என் மகள், தீபாவளிக்கே அனுப்பினாள், மாப்பிள்ளையை விட்டுப் பிரிந்துவிட்டாள், வெளியே தெரியக் கூடாது என்று நான்தான் வெட்டிவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒருவரும் திடுக்கிடவில்லை. பொன்னாத்தாள்தான் சொன்னாள், எங்களுக்கு ஆடியிலயே தெரியுமுங்கண்ணா, முதலாளியம்மா ஊட்டுலயே பேசிக்கிட்டாங்க, நீங்களா சொல்றப்பச் சொல்லட்டும்னு நாங்க கேக்காம இருந்தமுங்க, பாப்பா எப்ப வருதுங்க. நான் கதை கட்டிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவர்கள் எனக்காகத் தலையாட்டியிருக்கிறார்கள். யாரிடம் மறைப்பதற்காக உன் குரலை வெட்டினேனோ அவர்களுக்கு மறைக்க ஒன்றுமே இருக்கவில்லை. ஊருக்கே தெரியும் என்பது தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான், உன் தகப்பன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். வா. பொங்கலுக்கு வரலாமா என்று கேட்டாய், பொங்கல் என்னால் போய்விட்டது, மாசிக்கு வா, பங்குனிக்கு வா, லீவு கிடைத்தால் நாளைக்கே வா. தனியாகத்தான் வருவேன் என்று எதற்குக் கண்ணு சொன்னாய், எங்களிடம் நீ முதல் முதலாக வந்தபோதும் தனியாகத்தான் வந்தாய். நான் கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் வந்து நிற்கிறேன். வரும் வழியில் யாராவது பார்த்து மாப்பிள்ளை வரலீங்களா என்று கேட்டால் வரமாட்டார் என்று நானே சொல்வேன். வந்து பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போவாயோ, இங்கேயே இருப்பாயோ, அது உன் இஷ்டம், நாங்கள் ஒன்றும் கேட்க மாட்டோம். அம்மா கேட்பாள், நான் தடுத்துவிடுகிறேன். ஹீட்டர் பக்கத்திலேயே உட்காராதே, தொண்டை வறண்டுபோகும், உன் பாட்டில் அது தெரிகிறது. தலைக்கு எண்ணெய் வை, ராத்திரிக்கு ரொட்டியோடு நிறுத்தாமல் ஒரு பிடி சோறாவது பொங்கிச் சாப்பிடு.

சிவன்மலையான் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும், நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், உன் மனசு ஆற வேண்டும். அம்மாவும் ஆசீர்வாதம் எழுதச் சொன்னாள், பக்கத்தில்தான் நிற்கிறாள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வேண்டாம் என்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று நீ சொன்னாய். நான் உனக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். வர மனசில்லை என்றாலும், என்மேல் கோபம் என்றாலும், சும்மா மட்டும் இருந்துவிடாதே சாமி. போன் போட்டுத் திட்டு, எவ்வளவு நேரமானாலும் திட்டு. நான் கடைசி வரைக்கும் கேட்பேன்.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன அப்பா
மருதாசலம்