அடுத்த பிரபுவுக்கு ஒரு தட்டு

கில்காஸ்ட்ரா மாளிகை, ராஸ்காமன்
3 நவம்பர் 1954

என் செல்ல ஹெஸ்டர்,

கூரை ஒழுகுகிறது, மற்றபடி நலம். உன் நூலகத்துக்குப் பக்கத்தில்தானே அந்த வம்சாவளி அலுவலகம்? கனடா போன என் சித்தப்பா வழியில் ஆண் வாரிசு யாராவது உண்டா என்று பார்த்து எழுது. எனக்குப் பிறகு கில்காஸ்ட்ரா பிரபு என்று ஒருவன் வேண்டாமா?

கிறிஸ்துமஸுக்கு வாத்து சொல்லியாகிவிட்டது. வழக்கம்போல, வரப்போகும் வாரிசுக்கென்று காலியாக விட்ட நாற்காலிக்கு முன்னால் தட்டு வைப்போம். சமையற்கார டீலியாதான் முணுமுணுக்கிறாள்: "வராத ஆளுக்கு நெஞ்சுக்கறி, வந்த பொண்ணுக்குக் கழுத்தா? நல்லா இருக்கு உங்க பிரபுத்தனம்!"

உன் அப்பா,
ராண்டல்

டப்ளின்
19 நவம்பர்

அன்புள்ள அப்பா,

போனேன். கனடாவில் இருந்த கடைசி ஆண் போரில் இறந்துவிட்டார், பிள்ளையில்லாமல். பிரபுப் பட்டம் உங்களோடு முடிகிறது.

இதை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று நான் திகைத்து நின்றபோது எழுத்தர் சொன்னார்: "இதையேதாம்மா உங்க அப்பாவுக்கு எட்டு வருஷம் முன்னாடி எழுதினோம். கிடைச்சுதுன்னு பதில்கூடப் போட்டிருக்காரே!"

எட்டு கிறிஸ்துமஸ், அப்பா. எட்டு முறையும் எழுந்து நின்று "அடுத்து வருபவருக்கு!" என்று கோப்பையை உயர்த்தினீர்கள். பட்டம் பெண்ணுக்கு வராது, வீடும் பட்டத்தோடுதான் போகும் என்று சொல்லி வளர்த்தீர்கள். அங்கே ஒரு ஆணி அடிக்கவும் எனக்கு உரிமையில்லை என்றே இருந்துவிட்டேன். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் எதற்கு அந்தத் தட்டு?

கோபமாகத்தான் எழுதுகிறேன். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹெஸ்டர்

கில்காஸ்ட்ரா
24 நவம்பர்

கண்ணே ஹெஸ்டர்,

போட்டுக்கொண்டேன்.

பட்டத்துக்கு ஆளில்லை என்றானதும் வீட்டை யாருக்கும் தரலாம் என்றாகிவிட்டது; அந்தக் கடிதம் வந்த வாரமே அதை உன் பெயருக்கு எழுதிவிட்டேன். சொல்லத்தான் வாய் வரவில்லை. ஆண் ஒருவனும் கிடைக்காததால் உனக்கு என்று நினைத்துவிடுவாயோ என்ற பயம். "சொல்லித் தொலைங்களேன்" என்று டீலியா வருஷா வருஷம் திட்டினாள். கடைசியில் கோழை மாதிரி உன்னையே அங்கே அனுப்பினேன்.

ஒன்று மட்டும் நம்பு. எட்டு முறையும் கோப்பையை உன் பக்கம்தான் நீட்டினேன். நீ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்பா

டப்ளின்
20 டிசம்பர்

அன்புள்ள அப்பா,

பதிலுக்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். கூரைக்கு ஆணி வாங்கியிருக்கிறேன்.

டீலியாவிடம் சொல்லுங்கள்: தட்டு அந்த இடத்திலேயே இருக்கட்டும். பசியோடு வருகிறேன்.

உங்கள்
ஹெஸ்டர்